டிரம் தெரியாது என்று சொன்னேன்

சென்ற மாதம் எங்கள் துறையில் இப்போது பணியில் இருக்கும் தம்பி ஒருவர் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு டேப்லெட். கல்வராயன் மலையில் ஒரு பகுதிக்கு மேலே ட்ரோனில் காந்தமானியைத் தொங்கவிட்டுப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அந்த அளவுகளை வைத்துச் செய்த வரைபடத்தைக் காட்டினார். சிவப்பும் நீலமுமாக அழகாக இருந்தது. நாங்கள் முள்ளில் கிழிபட்டு மாதக்கணக்கில் நடந்து எடுத்ததை ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டார்களாம்.

"பெரிய நிம்மதி என்னன்னா, முன்ன மாதிரி ஊர் ஊரா போய் விளக்கம் சொல்லிக்கினு இருக்க வேணாம் சார். கீழ யாரும் ஒரு கேள்வி கேக்கறதில்ல" என்றார்.

போகும்போது, ஓய்வு பெற்றோர் மலருக்கு மலைக்காட்டு அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். சுவாரசியமாக இருக்க வேண்டுமாம்.

கேள்வி கேட்பதில்லை என்றால் சந்தேகம் இல்லை என்று ஆகிவிடாது. அதைத்தான் அவரிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். சுவாரசியம் இருக்குமா என்று தெரியாது. இது நான் செய்த ஒரு கெடுதலைப் பற்றியது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என்னைப் பற்றிய எதையும் மாற்றவில்லை.

நான் மணலூர்பேட்டைப் பக்கத்தில் கரும்பு போடும் குடும்பத்தில் பிறந்தவன். நிலவியல் படித்து, பிறகு புவி இயற்பியல் படித்து வேலைக்கு வந்தேன். பூமிக்குள் இருப்பதைத் தேடுகிறவர்கள் என்றாலே வெடி வைத்து அதிர்வைப் பதிவு செய்கிறவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் வெடி வைத்ததே இல்லை. எங்கள் வேலை சத்தமில்லாதது. இரும்புக் கம்பிகளை நட்டு மண்ணுக்குள் மின்சாரம் விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்போம். மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் கரைசல் நிரப்பிய மண்குடுவைகளைப் பதித்து, பூமி தானாக உண்டாக்கும் மின்னழுத்தத்தைப் பார்ப்போம். சில இடங்களில் ஈர்ப்பு விசையின் மிகச் சிறிய வேறுபாட்டை அளப்போம். முதல் சில ஆண்டுகள் இவற்றில் கழிந்தன. அதன் பிறகு என்னைக் காந்த அளவைக் குழுவில் போட்டார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஞானமுத்து. ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். காலையில் கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைப்பார். கையில் ஒரு திசைகாட்டி இருக்கும். அதை ஒவ்வொருவர் மார்பருகிலும் இடுப்பருகிலும் கொண்டுவருவார். முள் அசைந்தால் அவன் குற்றவாளி. பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, பேனாக்கத்தி, சட்டையில் குத்திய ஊக்கு எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் காந்தமானி காலடியில் உள்ள பாறையையும் இடுப்பில் உள்ள இரும்பையும் பிரித்துப் பார்க்காது. சாவியோடு நடந்தால் சாவிதான் தாதுவாகப் பதிவாகும். அவரே ரப்பர் செருப்பும் வேட்டியுமாகத்தான் மலை ஏறுவார். ஒருமுறை முள் ஆடியது, யாரிடமும் எதுவும் இல்லை. கடைசியில் அவருடைய புதுக் கண்ணாடியின் சட்டம்தான் காரணம் என்று தெரிந்தது. அன்று முழுவதும் கண்ணாடி இல்லாமல், எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கோணலாக ஓர் அளவு வந்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு வேற என்ன காரணம் இருக்கலாம்?" நாம் ஒரு காரணம் சொல்வோம். "வேற?" என்பார். இன்னொன்று சொல்வோம். மறுபடியும் "வேற?" வாய் அடைத்துப்போகும் வரைக்கும் கேட்பார். எங்கே அளவு திடீரென்று எகிறினாலும் அந்த இடத்தில் வெளியே தெரியும் கல்லுக்குத் திசைகாட்டியை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. அதற்கு ஆகிற நேரம் கொஞ்சம்தான். ஆனால் வெயிலில் அதுவும் ஜாஸ்தியாகத் தெரியும்.

கல்வராயன் மலையில் காந்த இரும்புத்தாது பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒரு பட்டை எங்கே மண்ணுக்குள் மறைகிறது, எங்கே மீண்டும் எழுகிறது என்று தொடர்ந்துபோவது எங்களுக்கு இட்ட வேலை. அதற்காக நான் பெயர் சொல்லாத அந்த ஊருக்குப் போனோம். பள்ளிக்கூடத்தின் காலி அறையில் முகாம்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து ஓடைக்கரைகளில் சிலர் ஊறல் போட்டு வந்தார்கள். சாராயம் காய்ச்சுவதற்கான ஊறலை இரும்பு டிரம்மில் ஊற்றி மண்ணுக்குள் புதைத்துவைப்பார்கள். எல்லோரும் செய்யவில்லை. ஆனால் யார் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். இப்படிப்பட்ட ஊருக்குள், புதைந்த இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியோடு நாங்கள் போய் இறங்கினோம்.

முதல் நாளே கூட்டம் கூடிவிட்டது. கருவியின் உணர்முனை அலுமினியக் கழியின் உச்சியில் ஒரு குப்பி மாதிரி இருக்கும். உள்ளே திரவம். தூக்கும்போது சலசலவென்று கேட்கும்.

"பாட்டில்ல இன்னா சார், சரக்கா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"மண்ணெண்ணெய் மாதிரி ஒண்ணு" என்றேன்.

"அப்போ ஒரு மொடக்கு குடிச்சிக் காட்டு சார், நம்பறோம்."

சிரிப்பு அடங்கியதும் வெள்ளையன் என்பவர் முன்னால் வந்தார். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அவருடைய மைத்துனன் பொன்னனைத்தான் கழி தூக்க நாங்கள் கூலிக்கு அமர்த்தியிருந்தோம்.

"சார், நேராவே கேக்கறேன். இது டிரம்ம காட்டிக்குடுக்கிற மிஷினா?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஞானமுத்து ஏற்கெனவே எங்களிடம் சொல்லியிருந்தார். இரும்பு இருந்தால் தெரியும், ஆனால் பாறையைத் தவிர எதைப் பற்றியும் யாரிடமும் சொல்லமாட்டோம். இதுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் அப்போது பின்னால் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் மறுநாள் ஒருவனும் வேலைக்கு வரமாட்டான் என்று எனக்குத் தோன்றியது.

"டிரம்மெல்லாம் இதுக்குத் தெரியாது. ரொம்ப ஆழத்துல இருக்கிற பாறை மட்டும்தான் தெரியும். எங்க அம்மா மேல சத்தியம்" என்றேன்.

வெள்ளையன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "படிச்சவரு, அம்மா மேல ஆணயிடுறாரு. போய் வேலயப் பாருங்கப்பா" என்றார். அன்று மதியம் எங்கள் குழுவுக்கு அவர் வீட்டிலிருந்து சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன.

ஞானமுத்துவுக்கு இது சாயங்காலம் தெரிந்தது. "வேலை தொடங்குறதுக்கே ஒரு பொய் ஆச்சு. முடிக்கிறதுக்கு எத்தனை ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

வேலை நன்றாகவே போனது. மலைச்சரிவில் நேர்க்கோடாக மரமுளைகளை அடித்துக்கொண்டு போவோம். முளைக்கு முளை நின்று பொத்தானை அழுத்தி அளவெடுப்போம். பூமியின் காந்தப்புலம் நாள் முழுவதும் தானாகவே ஏறி இறங்கும் என்பதால், இடையிடையே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவந்து ஒப்பிடுவோம். பொன்னன் கழியை ஆடாமல் பிடிப்பான். வாயாடி. "மிஷினுக்கு நா சொம்மா நின்னாத்தான் புடிக்கும், எம் பொண்டாட்டிக்கு சொம்மா நின்னா புடிக்காது. நா இன்னா சார் பண்றது?" என்பான்.

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், வெள்ளையனின் சாமைக்காட்டுக்குள் நாங்கள் அடித்திருந்த முளைகள் எல்லாம் காணவில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள முளைகள் அப்படியே இருந்தன. அவர் காட்டுக்குள் மட்டும் சுத்தமாகப் பிடுங்கப்பட்டிருந்தன.

"மாடு மிதிச்சிருக்கும் சார்" என்றார் வெள்ளையன். மாடு மிதித்தால் முளை முறியும். பிடுங்கிக்கொண்டு போகாது. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நானும் அவரிடம் பொய் சொன்னவன்தான் என்பது அப்போது நினைவில் வரவில்லை. மனிதன் தன் பொய்யை மறந்துவிட்டு அடுத்தவன் பொய்யைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான் போலிருக்கிறது.

மறுபடியும் முளை அடித்து அளவெடுத்தோம். காட்டின் நடுவில் ஒரு சிறிய திட்டு உழப்படாமல் கிடந்தது. புல்லும் நொச்சியும் முளைத்து, இடையில் கொஞ்சம் பாறை தலைகாட்டியது. அதன் பக்கம் போனதும் கருவியின் எண்கள் தாறுமாறாக எகிறின. ஓர் அடி நகர்ந்தால் விழுந்தன. தாதுப்பட்டை என்றால் நீளமாகத் தொடர்ந்து போக வேண்டும். இது சின்னதாக, கூர்மையாக, ஒரே இடத்தில் இருந்தது.

"இந்த இடத்தை மட்டும் ஏன் உழாம விட்டிருக்கீங்க?" என்று வெள்ளையனைக் கேட்டேன்.

"இடி உழுந்த எடம் சார் அது. எங்க அப்பன் காலத்துல இங்க நின்ன மரம் எரிஞ்சி போச்சி. இடி உழுந்த எடத்துல நாங்க ஏரு கட்ட மாட்டோம். இரும்பு படக் கூடாது."

நான் தலையாட்டினேன். நம்பவில்லை. இரும்பு படக் கூடாது என்கிறார், அடியிலே இரும்பை வைத்திருக்கிறார் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். பிடுங்கிய முளை, மாடு என்ற சாக்கு, உழாத திட்டு, எகிறிய எண். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. பாறைக்குத் திசைகாட்டியை வைத்துப் பார்க்கவில்லை. ஞானமுத்து அந்த வாரம் சேலத்தில் இருந்தார். வேற, வேற என்று கேட்க ஆள் இல்லை.

இரண்டொரு நாளில் மதுவிலக்குச் சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி முகாமுக்கு வந்தார். வெளியே ஆட்கள் நின்றார்கள். அவர் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க பசங்க சாயங்காலமானா பாட்டுப் பாடுறாங்களாமே சார்?"

"சின்னப் பசங்க."

"சரக்கு எங்கேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாது, இல்ல?"

"தெரியாது."

"நல்லது. ஜீப்ப மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறோம்."

ஜீப்பில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது. எனக்கு அது தெரியும். காலையில் என் கண்ணில் பட்டு, படாதது போல விட்டிருந்தேன். அரசாங்க வண்டி, பொறுப்பில் நான். அவர் எழுந்துவிட்டார். அப்போதுதான் சொன்னேன்.

"சார், எங்க ஜீப்புல எதைத் தேடுறீங்க? மேல சரிவுல வெள்ளையன் காட்டுக்குள்ள ஒரு திட்டு இருக்கு. அங்க புதைச்ச இரும்பு இருக்கு. கருவி காட்டுது."

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியாகச் சரிவைக் காட்டினேன். ஜீப்பை யாரும் பார்க்கவில்லை.

மழை தூற ஆரம்பித்தது. பொன்னன் வேலை முடிந்து, வெளியே மரத்தடியில் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். நாங்கள் உள்ளே பேசியது எதுவும் அவன் காதில் விழுந்திருக்காது. நான், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்த அதிகாரியிடம், "இவன் வீடு போற வழியிலதான். மழை வருது, இறக்கி விட்டுடுங்க" என்றேன். பொன்னன் தயங்கினான். "ஏறு" என்றேன். ஏறினான்.

அந்த ஊர் பார்த்தது இதைத்தான்: போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது, அதிலிருந்து பொன்னன் இறங்குகிறான், ஜீப் நேராகப் போய் அவனுடைய மாமன் காட்டில் நிற்கிறது.

அந்தத் திட்டை வெட்டிப் பார்த்தார்கள். பாறைதான் இருந்தது. டிரம் இல்லை, ஒரு தகரம்கூட இல்லை. ஆனால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. கீழே ஓடைப் புதரில் யாருடைய ஊறலோ கிடைத்தது. அதை வெள்ளையன் மேல் போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பல மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஞானமுத்து திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கேனைப் பற்றியும் சொன்னேன். அவர் நேராக அந்தக் காட்டுக்கு நடந்தார். வெட்டிப்போட்ட மண்ணுக்கு நடுவே உட்கார்ந்து பாறையின் மேல் திசைகாட்டியை வைத்தார். முள் சுழன்றது. கொஞ்சம் தள்ளி வைத்தார். முள் எதிர்ப்பக்கம் திரும்பியது. பாறையில் ஒரு சில்லைச் சுத்தியால் பெயர்த்து, அதன் ஒரு முனையை முள்ளின் பக்கம் காட்டினார். முள் ஓடிவந்தது. மறுமுனையைக் காட்டினார். விலகி ஓடியது. அந்தக் கல்லே காந்தமாகியிருந்தது.

"இடி" என்றார். "இடி விழுந்தா அந்த மின்சாரத்துல பாறை இப்படி ஆயிடும். நீ படிச்சிருப்ப."

படித்திருந்தேன்.

"இங்க இடி விழுந்ததுன்னு யாரும் உன்கிட்ட சொல்லலியா?"

"சொன்னாங்க சார்."

அவர் அந்தச் சில்லைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "டிரம் தெரியாதுன்னு சொன்னதும் நீ. டிரம் இருக்குன்னு சொன்னதும் நீ. ரெண்டும் தப்பு. போய் ஊர்ல உண்மையச் சொல்லிட்டு வா. போலீசுக்கு நான் எழுதுறேன்." அவர் எழுதினார். பலன் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நான் ஊருக்குப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொன்னன்தான் வந்தான். அவன் முகத்தில் வழக்கமான விளையாட்டு இல்லை.

"சார், போலீஸ் ஜீப்ல நா எறங்குனத ஊரே பாத்துச்சி. நாந்தான் மாமாவ காட்டிக்குடுத்தேன்னு சொல்றாங்க. எங்க அக்கா என்ன வூட்டுக்குள்ள வுடல. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"நா சொல்லலன்னு. அது போதும் சார். யாரு சொன்னாங்கன்னு நா கேக்கல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் எனக்குத் தப்பிக்க வழி விட்டே கேட்டான். "நாளைக்கு வர்றேன்" என்றேன். மறுநாள் மற்றொரு மலைக்கு முகாமை மாற்ற ஏற்பாடு செய்தேன். அந்த ஆண்டே எனக்கு இடமாற்றம், அடுத்து பதவி உயர்வு. ஞானமுத்து ஓய்வு பெறும் நாளில் என் கையைப் பிடித்து, "போனியா?" என்று கேட்டார். "போனேன் சார்" என்றேன். அவர் இறந்தும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

பிறகு வெவ்வேறு மாவட்டங்களில் தாதும் தண்ணீரும் தேடினேன். நல்ல பெயர் எடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு கள்ளக்குறிச்சிக்கு வந்து வீடு கட்டிக்கொண்டேன். பொன்னன் ஊரைவிட்டு இறங்கி இங்கே கருணாபுரத்தில் மூட்டை தூக்கிப் பிழைக்கிறான் என்று ஒருவர் சொல்லித் தெரியும். கால் மணி நேரம் நடந்தால் போய்விடலாம். போகவில்லை.

கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பலர் செத்தபோதுதான் போனேன். வாசலுக்கு வாசல் பந்தல் போட்டிருந்த தெருக்களில் அவன் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே நடந்தேன். உயிரோடுதான் இருந்தான். தலை முழுக்க நரைத்து, தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்த உடனேயே அடையாளம் தெரிந்துகொண்டான்.

"செத்தவன்ல நானும் இருக்கனான்னு பாக்க வந்தீங்களா சார்?"

"ஆமா" என்றேன்.

"இல்ல. நா மலைலயே குடிச்சதில்ல. இங்க குடிப்பனா?"

அங்கேயே நின்றபடி சொன்னேன். "பொன்னா, அன்னைக்குச் சொன்னது நான்தான்."

"தெரியும் சார். கழிய நாந்தான புடிச்சேன். அந்த எடத்துல மிஷின் துள்ளுனத நாந்தான பாத்தேன்."

"ஊர்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. அந்த சார் மிஷின்ல டிரம் தெரியும்னு சொன்னேன். நீங்க அம்மா மேல ஆணயிட்டத எல்லாருந்தான் கேட்டாங்க. படிச்சவரு பொய் சொல்வாரா, நீ மட்டும் யோக்கியனான்னு அடிச்சாங்க." பிறகு, "எங்க ஆத்தா செத்ததுக்குக் கூட என்ன வுடல சார்" என்றான்.

ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். "இப்போ போய்ச் சொன்னா நா சொல்லிக்குடுத்து அனுப்பிச்சேன்னு பேசுவாங்க." அதையும் சாக்காக வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டினேன். அந்தத் தம்பி டேப்லெட்டோடு வந்து போன பிறகு, இனியும் முடியாது என்று தோன்றி, போன வாரம் அந்த மலையூருக்குப் போக வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

வெள்ளையனுக்குக் கண் மங்கிவிட்டது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி குப்பாயி, பொன்னனின் அக்கா, கீழே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் அக்கம்பக்கத்தில் இருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். நடந்ததை முழுவதும் சொன்னேன். கேனையும் விடவில்லை. பொன்னனை ஜீப்பில் ஏற்றியதையும் விடவில்லை.

நான் முடித்ததும் வெள்ளையன் கேட்டார்: "அவன் அனுப்புனானா?"

"இல்லைங்க. போகாதீங்கன்னுதான் சொன்னான்."

"ஓ. அப்போ பேசி வெச்சிக்கினுதான் வந்திருக்க."

"இல்லைங்க ஐயா..."

"நெலத்துக்குப் பட்டா கேட்டு எழுதிப் போட்டிருக்கோம். கொஞ்ச நாள் முன்ன மேல டுரோனு சுத்துச்சி. இப்போ கீழ நீ வந்து உக்காந்திருக்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லன்னு நா நம்பணும்? அன்னிக்கு அந்தக் குச்சிய ஏன் புடுங்குனேன் தெரியுமா? எங்காட்டுக்கு அடியில எதாவது இருக்குதுன்னு நீ எழுதிட்டா, காட்ட புடுங்கிடுவாங்களேன்னு."

முளைகள் பிடுங்கப்பட்டதற்கான காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் நினைத்த காரணத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அது இடி விழுந்த பாறைதாங்க. நீங்க சொன்னது சரி. நான்தான் அன்னைக்கு நம்பல."

"நா நெசம் சொன்னேன், நீ நம்பல. நீ பொய் சொன்ன, நாங்க நம்புனோம். இப்போ வந்து இது நெசம்ங்கற." அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "ரெண்டுக்கும் ஒரே மூஞ்சியத்தான வெச்சிக்கினு இருக்க. எதப் பாத்து நா கண்டுபுடிக்கறது?"

கூட்டத்தில் ஒருவர், "சாருக்கு வயசாயிடுச்சி, புண்ணியம் தேடுறாரு" என்றார். இன்னொருவர், "பொன்னன் எவ்ளோ குடுத்தானாம்?" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் எழுந்துகொண்டேன். அன்று நான் சொன்ன பொய்யை அவர்கள் எவ்வளவு கெட்டியாக வைத்திருந்தார்கள் என்றால், நானே வந்து உடைக்கப் பார்த்தும் உடையவில்லை.

பணியில் இருக்கும் தம்பிகளுக்கு இதில் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. ட்ரோனைப் பறக்கவிட்டாலும் ஊருக்குள் போய், அந்தக் கருவிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஊரைக் கூட்டி உண்மையாகச் சொல்லுங்கள். வேலை நின்றுபோனால் நிற்கட்டும்.

அன்று வெள்ளையன் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் குப்பாயி நடந்து வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், கிழங்கு மாவு இன்னும் விரல்களில் இருந்தது.

"கருணாபுரத்துல எந்தத் தெரு?" என்றார்.

சொன்னேன். பஸ் வந்தது. அவரும் ஏறினார்.

"நான் சொன்னதை நம்புறீங்களாம்மா?"

"ஒன்ன நம்பி நா வரல. அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும். அன்னிக்கே பாத்திருக்கணும், கதவ சாத்திட்டேன்."

அவருக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு, சுருக்குப்பையிலிருந்து தானே எடுத்துக் கொடுத்தார். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தவர், கள்ளக்குறிச்சி வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

தெருமுனை வந்ததும் வீட்டைச் சொன்னேன். கூட நடக்கப் போனேன்.

"நீ வராத. நீ நின்னா அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன்."

நின்றுவிட்டேன். அவர் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனார். நான் சொன்ன வாசலில் செருப்பைக் கழற்றினார். நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "டேய் பொன்னா" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது.

எதிரில் இருந்த கடையின் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தேன். மலைக்குப் போகும் கடைசி பஸ் பிரதான சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் செருப்பு வாசலிலேயே இருந்தது.